பாட்டுக்கு ரெண்டு பானை

நைனா ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார். தர்பூசணி வாங்குகிறவர்கள் தட்டுவார்களே, அதுபோல நடுவிரலை மடக்கி இரண்டு தட்டு. பிறகு அதன் பக்கவாட்டில் கன்னத்தை வைத்தார். ரிச்சி தெருவில் அந்தக் கடையில் பாட்டுக் கேட்பதற்கென்றே ஓர் அறை கட்டியிருந்தார்கள். சுவரெல்லாம் சாக்குத்துணி ஒட்டி, தரையில் ஜமுக்காளம் விரித்து, செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். கோயிலில்கூட நைனா இவ்வளவு பவ்யமாக நின்று நான் பார்த்ததில்லை. டை கட்டிய விற்பனையாளர் ஒரு குமிழைத் திருகி, "இது வார்ம் சவுண்ட் சார். அப்படியே உங்களைச் சுத்தி வரும்" என்றார். நைனா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் அவர் காதருகே போய், "சத்தம் சுத்தி வருமாம்" என்று கத்தினேன். சாக்குத்துணிச் சுவர் என் கத்தலை விழுங்கிவிட்டது. விற்பனையாளரால் விழுங்க முடியவில்லை.

நைனா தன்னைச் சுற்றிலும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "எங்க சுத்துது? பாட்டு வருது. வார்த்த வரல. பல்லு போனவன் பாடறா மாரி கீது. வேற காட்டு தம்பி."

அடுத்த பெட்டியிலும் தட்டல், கன்னம். அதில் ஓர் இந்திப் பாட்டு ஓடியது. "பாஷ புரியல" என்றார். அந்த மாதம் வந்த தமிழ்ப் பாட்டைப் போட்டார்கள். "இப்ப எவன் வாயத் தொறந்து பாடறான்? அல்லாம் மூக்காலயே பாடறானுங்க." மூன்றாவதாக ஆளுயரத்துக்கு ஒன்று. விற்பனையாளர் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார். பக்கத்துக் கடைக்காரர் என்ன விபத்து என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நைனா மட்டும், "இன்னும் கொஞ்சம் வெச்சிக் காட்றது. கஞ்சத்தனம் பண்ணாத" என்றார்.

பட்டாபிராம் ரயிலில் உட்கார்ந்த பிறகு, "ஒண்ணுலயும் சரக்கு இல்ல. பொட்டிதான் பெருசு" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். ரயில் பெட்டியில் எல்லாரும் திரும்பினார்கள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தனியாகப் பேச வராது. கல்லூரியில் சேர்ந்த புதிதில், நான் காதோடு சொன்ன ஒரு சங்கதிக்கு மூன்று பெஞ்சு தள்ளியிருந்தவன் பதில் சொன்னான். திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவுக்குப் பத்திரிகை தேவைப்பட்டதில்லை. அம்மா நைனாவுக்குக் குழம்பு ஊற்றும்போது சொல்வதைக் கேட்டாலே போதும்.

நைனாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் வேலை. பழுக்கக் காய்ந்த இரும்பை அச்சில் வைத்தால், மேலே வீட்டு உயரத்துக்கு நிற்கிற ஹேமர் இறங்கி அதை அடிக்கும். நைனா அதன் காலடியில் நின்று இடுக்கி பிடிக்கிறவர். எங்கள் தாத்தா ஏர் ஓட்டிய அடுத்தவர் நிலமெல்லாம் வீட்டுமனையானபோது, ஊரில் பாதிப் பேர் எஸ்டேட்டுக்குப் போனார்கள். அதில் நல்ல தோள் உள்ளவர்களை ஹேமர் எடுத்துக்கொண்டது. காதில் வைத்துக்கொள்ள கம்பெனி வாராவாரம் பஞ்சு கொடுத்தது. அது சுத்தமான வெள்ளைப் பஞ்சு. அவ்வளவு நல்ல பஞ்சைக் காதில் வைத்து அழுக்காக்குவார்களா என்று எல்லாரும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அம்மா அதில் விளக்குக்குத் திரி திரித்தாள். எங்கள் வீட்டுச் சாமி விளக்கு இத்தனை வருஷமும் நைனாவின் காதில்தான் எரிந்தது.

ஹேமர் பக்கத்தில் பேச்சு கிடையாது. கைதான். முஷ்டியைத் தூக்கினால் நிறுத்து, உள்ளங்கையைக் கவிழ்த்தால் மெதுவாக, இரண்டு விரலை ஆட்டினால் டீ. காது போனது அங்கே யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் காதை வைத்துச் செய்கிற வேலை அங்கே ஒன்றுமே இல்லை. போனவர்களுக்கே தெரியவில்லை என்பதுதான் விசேஷம். உலகத்தில் எல்லாரும் வர வர மெதுவாகப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தொண்ணூற்றி இரண்டில் கம்பெனி கைமாறியது. வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பப் போகிறார்களாம். அதனால் எல்லாருக்கும் மெடிக்கல் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். கண், ரத்தம், காது. காது கேட்காதவரை ஹேமர் பக்கத்தில் நிறுத்துவது ஆபத்து என்பதால் கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஹேமரை என்ன செய்வார்கள் என்று நோட்டீஸில் இல்லை.

அந்த வாரத்திலிருந்துதான் நைனாவுக்கு எங்கள் வீட்டு டேப் ரிகார்டரின் ஸ்பீக்கர் மேல் கோபம் வந்தது. அதில் வார்த்தை வரவில்லை, அது வெறும் தகரம், அதைக் கேட்டுக் கேட்டுத்தான் தன் காது பழக்கம் கெட்டுவிட்டது என்றார். நல்ல ஸ்பீக்கர் ஒன்று அமைந்துவிட்டால் பாட்டு முழுசாகக் கேட்கும். பாட்டு முழுசாகக் கேட்டால் காது நன்றாக இருக்கிறது. காது நன்றாக இருந்தால் வேலை இருக்கிறது. நான் படித்த லாஜிக் பேப்பரில்கூட இவ்வளவு சுத்தமான முடிச்சைப் பார்த்ததில்லை. அதில் ஓர் இடத்தைக்கூட இழுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மாவுக்கும்தான். "போய் நல்லதா பாத்து வாங்கிக் குட்றா அவருக்கு" என்று என்னை அனுப்பினாள், ஏதோ மருந்துக் கடைக்கு அனுப்புகிறமாதிரி.

ரிச்சி தெரு கைவிட்ட பிறகு சுலைமான் பாயிடம் போனோம். அம்பத்தூர் ஓ.டி.யில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். நைனாவைவிட வயது குறைவு, பேச்சு அதிகம்.

"அண்ணாத்தே, அங்க பொட்டி விக்கிறான். நா சவுண்டு விக்கிறேன். சவுண்டுன்னா இன்னா? மார்கழில கம்பளி போத்திகினா மாரி கதகதன்னு இருக்கணும். காதுக்குள்ள வந்தா அது நியூஸு. ஒடம்புக்குள்ள வரணும், அதான் பாட்டு."

இதை அவர் கையை ஆட்டி, வாயை அகலமாகத் திறந்து சொன்னதால் நைனாவுக்கு முழுசாகக் கேட்டது. "இவந்தாண்டா ஒயுங்கா பேசறான்" என்றார்.

சுலைமான் இரண்டு பெட்டிகளைத் தன் கையாலேயே செய்து எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றிலும் பெரிய ஸ்பீக்கர் ஒன்று, மேலே சின்னதாகக் கிண்ணம்போல ஒன்று. பெரியது மேளத்துக்கு, சின்னது ஜாலராவுக்கும் குரலின் முனைக்கும் என்று விளக்கினார். நைனா கேட்டுப் பார்த்துவிட்டு, "இந்தக் குட்டி வேல செய்யல பாய்" என்றார். சுலைமான் காதை வைத்துப் பார்த்தார். குட்டி ஜாலராவைச் சிதறிக்கொண்டிருந்தது. இருந்தாலும் வியாபாரி என்பதால் வேறு குட்டி மாற்றினார். அதுவும் வேலை செய்யவில்லை என்றார் நைனா. மூன்றாவது தடவை சுலைமான் குட்டியின் ஒயரைக் கழற்றி வெளியே தொங்கவிட்டுவிட்டு, "இப்ப பாருங்க" என்றார்.

"அதே மாரிதான் கீது. ஒரு முன்னேத்தமும் இல்ல" என்றார் நைனா.

சுலைமான் கையில் ஒயரை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து அம்மா வந்து ஈரக்கையோடு நடுவில் நின்றாள்.

"அந்தக் குட்டியே வோணாம் பாய். ரெண்டுத்தையும் கயட்டி எட்துகினு போ. பெருசு மட்டும் இருக்கட்டும்."

"அண்ணி, அது இல்லன்னா..."

"வோணாம்னு சொல்றேன் இல்ல?"

சுலைமான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். கழற்றி முடித்து, சட்டையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, அவர் முகத்தில் தொழில் திரும்பிவிட்டிருந்தது. "பெருச மட்டும் வெக்கிறதுன்னா பொட்டி எதுக்கு? பானைல வெக்கலாம். மண்பானை. டீக்கட பாய் ஒர்த்தன் வெச்சிகிறான், ரோட்ல போற லாரிக்காரன் எறங்கி வந்து கேட்டுட்டுப் போறான்."

பூந்தமல்லி ரோட்டோரம் பானை விற்கிற கெங்கம்மாளிடம் நைனாவும் அம்மாவும் நானும் போனோம். நைனா குனிந்து ஒரு பானையைத் தட்டினார். தட்டிவிட்டு நிமிர்ந்தார். மறுபடி தட்டினார். நல்ல பானை ணங் என்று சொல்லும், விரிசல் விட்டது சொத்தென்று சொல்லும். இரண்டையும் அவர் ஒரே முகத்தோடு வாங்கிக்கொண்டார். அம்மா அவரை லேசாகத் தோளால் ஒதுக்கிவிட்டு, தானே உட்கார்ந்து தட்டித் தட்டி இரண்டைப் பொறுக்கினாள்.

"தண்ணிக்கா, பொங்கலுக்கா?" என்றாள் கெங்கம்மாள்.

"பாட்டுக்கு" என்றார் நைனா. அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு?"

"பாட்டுக்கு! பாட்டுக்கு ரெண்டு பானை!"

கெங்கம்மாள் அம்மாவைப் பார்த்தாள். "இன்னாத்துக்கோ எடுத்துகினு போங்க. ஒடஞ்சா நா பொறுப்பில்ல" என்று வைக்கோலைச் சுற்றிக் கொடுத்தாள்.

ஒயர் போக அடியில் ஓட்டை போட வேண்டும் என்று சுலைமான் உளியை வைத்தபோதுதான் வீடு ரெண்டுபட்டது. அம்மா பாய்ந்து பானையைப் பிடுங்கினாள். "ஓட்டப் பானைய ஊட்டுக்குள்ள வெக்கிறதா? எவன்னா செத்தானா இங்க? சுடுகாட்டுக்குத்தான்யா ஓட்டப் பானை!" பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து ஆமாம் ஆமாம் என்றார்கள். சுலைமானுக்கு விஷயம் புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். கடைசியில் ஒயரைப் பானையின் கழுத்தோரமாகவே வழித்துவிட்டு, வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து, சந்தில் மைதா பசை தடவினார். நைனாவுக்கு இந்தச் சண்டை கேட்கவில்லை. பானையை ஏன் எல்லாரும் கட்டிப்பிடித்து இழுக்கிறார்கள் என்று கொஞ்சம் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

சுலைமான் தன் பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றை டேப் ரிகார்டரோடு இணைத்துக் கேசட்டைப் போட்டதும் முதலில் தரை பேசியது. அப்புறம் அலமாரிப் பாத்திரங்கள். பிறகுதான் பாட்டு என்று ஒன்று வந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோல இருந்தது. ஜாலரா, புல்லாங்குழல், பெண் குரலின் மேல்பாதி எதுவும் இல்லை. மேளமும் தபேலாவும் மட்டும் பாயை நனைத்துக்கொண்டு வருகிற தண்ணீர்போலக் காலடியில் பரவி, முழங்காலில் ஏறி, மார்பில் முட்டின. "கண்ண மூடிக்கினு கேளுங்க அண்ணாத்தே. கண்ணு தொறந்து கீதே, அதான் காதக் கெடுக்குது" என்று சுலைமான் தன் கண்களை மூடிக் காட்டினார். நைனா இரண்டு பானைகளுக்கும் நடுவில் சம்மணமிட்டுக் கண்களை மூடினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் தோள் இறங்கியது. வாய் திறந்தது. பாட ஆரம்பித்துவிட்டார்.

"வார்த்த வார்த்தையா வருதுடா! ஒண்ணு வுடாம வருது!"

அது அவர் கல்யாணத்துக்கு முன்பிருந்து கேட்கிற பழைய பாட்டுகள் போட்ட கேசட். எல்லாம் மனப்பாடம். பானை அடியெடுத்துக் கொடுத்தது, மிச்சத்தை அவர் தன் ஞாபகத்திலிருந்து கேட்டுக்கொண்டார். அவர் பாடுவதும் கேசட் பாடுவதும் ஒரே இடத்தில்தான் இருந்தன, அதில் ஒரு தப்பும் இல்லை. அம்மா முந்தானையால் பானையைத் துடைத்தாள். பானையில் தூசி எதுவும் இல்லை.

அன்றிலிருந்து நைனா வேறு மனிதர். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் குளித்து, வேட்டி மாற்றி, பானை நடுவில் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். எழுந்திருக்கும்போது முகம் கோயிலுக்குப் போய்வந்ததுபோல இருக்கும். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வைப்பார். "செவுடன்னு எவன்னா சொன்னான்னா இங்க கூட்டியா" என்பார். யாரும் சொல்லவில்லை.

கஜபதி மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அதே ஹேமரில் எதிர்ப்பக்கம் நின்று இடுக்கி பிடிக்கிறவர். அவருக்கும் காது அதே அளவுதான். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதைப் பார்த்தால் இரண்டு ரேடியோ ஸ்டேஷன்களை அருகருகே வைத்ததுபோல இருக்கும்.

"வேம்புலி, காது டெஸ்ட்டு ஒண்ணும் பெரிய விசயமில்ல. டாக்டரு பின்னால நின்னுகினு மெல்லமா கேப்பாரு. மொதல்ல பேரு. அப்பால எத்தினி வருசம் சர்வீசு. அப்பால ஊரு. கடசியா எத்தினி புள்ளிங்க. அவ்ளோதான் மாமே. அட்த்த ஆளு எதிர்ல பெஞ்சில குந்திகினு டாக்டரு வாயப் பாத்துகினு இருப்பான். வெரல் காட்டுவான். ஒரு வெரலுன்னா பேரு, ரெண்டு வெரலுன்னா சர்வீசு. ஹேமர்ல பண்றதுதான். மொத பேட்ச்சு அல்லாம் பாஸு."

"அதெல்லாம் செவுடனுங்களுக்கு" என்றார் நைனா.

"இன்னா?"

"செவுடனுங்களுக்குன்னேன்! எனக்கு எதுக்கு?"

"அதான் சொல்றேன். அல்லாருக்கும்தான்" என்று கஜபதி மாமா சந்தோஷமாகத் தலையாட்டினார். அம்மா தட்டில் முறுக்கோடு வந்தவள் அப்படியே நின்றாள். "அண்ணன் சொல்றதக் கேளுய்யா. தெரிஞ்சி வெச்சிகினா இன்னா நஷ்டம்?" என்று நைனாவின் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னாள். நைனா எழுந்து போய்க் கேசட்டைப் போட்டார். "உக்காரு கஜபதி. கண்ண மூடு. காதுன்னா இன்னான்னு காட்றேன்."

கஜபதி மாமா உட்கார்ந்தார். கண்ணை மூடவில்லை. பாட்டு முடிகிறவரை பானையையும் நைனாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது வாசலில் என்னிடம், "ஒண்ணும் பயப்படாத. நா அட்த்த ஆளா நிக்கிறேன். வெரல் காட்றேன். வெரலுகூடவா பாக்காம பூடுவான்?" என்றார். இதைத் தெருவே கேட்டது. நைனா உள்ளேதான் இருந்தார்.

மெடிக்கல் அன்று நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். நடந்ததைச் சொன்னவர் கஜபதி மாமாதான். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு நான் அதைப் பல தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நைனா கண்ணைத் திறந்துவிடுவார் என்று நினைப்பேன்.

கேன்டீனில் மேஜையை ஒதுக்கி டெஸ்ட் வைத்திருக்கிறார்கள். நைனாவை நடுவில் நிறுத்திவிட்டு டாக்டர் பின்னால் போனார். எதிரே பெஞ்சில் கஜபதி மாமா, விரல் தயார். நைனா நேராக நின்றார். கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அப்புறம் கண்களை மூடிக்கொண்டார்.

கஜபதி மாமா ஒரு விரலைக் காட்டினார். ஆட்டிக் காட்டினார். இரண்டு விரல். கையையே தூக்கினார். பெஞ்சைக் காலால் உதைத்தார், தரை அதிரட்டும் என்று. அது சிமென்ட் தரை. ஹேமரின் பக்கத்தில் அத்தனை வருஷமாக ஒரு விரல் அசைவையும் தவறவிடாத ஆள், உலகத்தில் வேறு எதையும் பார்க்க வேண்டாம் என்பதுபோல, கோயில் முகத்தோடு நின்றுகொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு கவனமாக அந்த டெஸ்ட்டில் யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

கொஞ்ச நேரம் போனது. நைனா கண்ணைத் திறக்காமலே மரியாதையாகச் சொன்னாராம்.

"ஆரம்பிங்க சார்."

டாக்டர் நாலு கேள்வியையும் கேட்டு முடித்து, காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்து கஜபதி மாமா எழுந்து நின்றார், பெஞ்சில் அவருக்கு அடுத்த ஆள் விரல் காட்டினார். பேர், சர்வீஸ், ஊர், இரண்டு பிள்ளைகள். பாஸ். "எனக்கு நாக்குல வந்த பதிலு அவ்ளோ ஒயுங்கா வந்துது. நாக்க அறுத்துப் போட்டுடலாம்னு இருந்துது" என்று சொல்லிவிட்டு எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். அதையும் சத்தமாகத்தான் செய்தார்.

நைனா மதியமே வந்துவிட்டார். சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் கனத்தது. அம்மா முகத்தைத் தூக்கிக் கேட்டாள், இன்னா ஆச்சு என்று. கையாலும் கேட்டாள். நைனா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"அந்த டாக்டருக்குக் கொரலே இல்ல. தொண்டைல இன்னாவோ சீக்கு. அவனப் போயி எப்டி டாக்டரா வெச்சாங்கன்னு தெரில."

அதற்குப் பிறகு அவர் பேசுவது குறைந்துவிட்டது. காலையில் எழுந்து ஷேவ் செய்து குளித்து, கம்பெனி சைரன் ஊதுகிற நேரத்துக்கு வேட்டியோடு பானை நடுவில் உட்கார்ந்துவிடுவார். சாப்பாட்டுக்கு எழுந்திருப்பார். அதே கேசட். சத்தம் மட்டும் நாளுக்கு நாள் கூடியது. பாத்திரங்கள் அலமாரியின் விளிம்புக்கு நகர்ந்து வந்தன. பக்கத்து வீட்டில் சுவர்க்கடிகாரம் விழுந்ததற்கு அந்த வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். வாசலில் நின்று நைனா கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்தவர் மெதுவாகத் திரும்பிப் போனார். நைனா என்னிடம் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "பாயாண்ட சொல்லி இன்னும் ரெண்டு பானை வெக்கச் சொல்லு. இது அடங்கிப் போச்சி."

அம்மா அவரிடம் எதையோ சொல்ல நினைத்து அலைந்துகொண்டிருந்தாள். சாப்பாடு, தண்ணீர், கரண்ட் போச்சு, யாரோ வந்திருக்கிறார்கள், இதற்கெல்லாம் எங்கள் வீட்டில் சைகை இருந்தது. அவள் சொல்ல நினைத்ததற்கு இல்லை. எழுதிக் காட்டலாம் என்றால் நைனா கையெழுத்து போடுவதோடு சரி, அம்மாவுக்கு அதுவும் வராது. காதில் கத்தினால், ஊருக்குக் கேட்கிறது என்று கையை உதறிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதல் தடவையாக அவர் ஊரைப் பற்றிக் கவலைப்பட்டார்.

சுலைமான் பாய் விஷயம் தெரிந்து ஒரு சாயங்காலம் வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். "கண்ண மூடச் சொன்னது நாந்தான் அண்ணி" என்றார். அம்மா, "நீ இன்னா பண்ணுவ பாய், உள்ள வா" என்றாள். அவர் உள்ளே வந்து பானையைப் பார்த்தார். பிறகு தோள்பையிலிருந்து ஒரு மைக்கை எடுத்தார். ஏதோ விழாவுக்கு வாடகைக்கு விட்டது, ரிப்பேருக்கு வந்திருக்கிறது. அதை ஆம்ப்ளிஃபையரில் சொருகினார். "இதுல பேசுங்க. பானை வயியா போவும். அண்ணாத்தைக்கு இதான் கேக்குது."

பாட்டு நின்றதும் நைனா கண்ணைத் திறக்கப் போனார். சுலைமான் அவர் தோளை அழுத்தி, இருங்க, புதுசு ஒன்று வருகிறது என்று கையால் காட்டினார். நைனா உள்ளங்கைகளை இரண்டு பானைகளின் மேலும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அம்மா மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்தாள், கற்பூரத் தட்டைப் பிடிப்பதுபோல. ஊதினாள். வீடு மூச்சு விட்டது.

"இன்னாய்யா. நாந்தான் கன்னிம்மா பேசறேன்." பானைகள் அதைத் தரைக்குச் சொன்னன. "வேல போனா போவட்டும்யா. எக்ஸ்போர்ட் கம்பெனில பட்டன் வெக்கிறதுக்கு சொல்லி வெச்சிகிறேன். அவளுங்கோ வரச் சொல்லிட்டாளுங்கோ. நீ சொம்மா குந்திகினு பாட்டுக் கேளு. யாரு இன்னா சொல்லப் போறாங்க. ஆனா என்னாண்ட பேசுய்யா. எனக்கு முன்னாடியே தெரியும்யா. இவன் பொறந்தப்பவே தெரியும். தொட்டில்ல அயுவான். நீ பக்கத்துலயே பட்துகினு கீற, எயுந்துக்க மாட்ட. ஷிப்ட்டு அடிச்சிட்டு அசந்து தூங்கறன்னு நானே சொல்லிகினேன். உன்னாண்ட சொல்லல. சொன்னா நீ வேலைக்கிப் போவ மாட்டன்னு பயந்துகினேன்யா. போவணுமே. அப்ப போவணும் இல்ல?"

வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். நைனாவின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. தோள் இறங்கியது. தலை ஆட ஆரம்பித்தது. கண்ணைத் திறக்காமல் என்னை நோக்கிக் கையை நீட்டினார்.

"டேய். இது எந்தப் படம்டா? கொரலு ஸோக்கா கீது. பானைக்குன்னே பாடனா மாரி கீது. அட்த்ததும் இவளையே போடு."

அம்மா மைக்கை இறக்கினாள். சுலைமான் ஸ்விட்சை அணைக்கக் கையை நீட்டினார். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள். அவளிடம் சொல்ல இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டிருந்தது. பிறகு மைக்கை மறுபடி வாயருகே கொண்டுபோய், என்ன தோன்றியதோ, மெதுவாக ஆரம்பித்தாள். "நாளைக்கி ரேஷன்ல பாமாயில் போட்றான். கிருஷ்ணாயிலும் போட்றான். புளி தீந்து போச்சி. கத்திரிக்கா கீது. முருங்கக்கா கன்னா பின்னான்னு வெல சொல்றான்..." நைனாவின் விரல்கள் பானையின் வயிற்றில் தாளம் பிடித்துக்கொண்டன. அவள் நிறுத்தினால் விரல் நின்றது. பேசினால் தொடர்ந்தது. பேசிக்கொண்டே அவள் அவர் அருகே போய், அவருக்கும் பானைக்கும் நடுவில் உட்கார்ந்தாள். மைக் பானை வாய்க்குப் பக்கத்தில் போனதும் வீடே கிழிவதுபோல ஊளையிட்டது. சுலைமான் காதைப் பொத்தினார். நான் பொத்திக்கொண்டேன். வாசலில் நின்றவர்கள், தெருவில் போனவர்கள் எல்லாரும் காதைப் பொத்தி முகத்தைச் சுளித்தார்கள். அம்மா மைக்கை நகர்த்தவில்லை, அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. நைனா கண்களை மூடி, லேசாகச் சிரித்தபடி, அடி பிசகாமல் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.